படம் வைத்த பிடி

கதவு நிலையைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியிருந்தது.

நெற்றியில் ஏற்றி வைத்திருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டு டெல்மர் இன்னொரு முறை பார்த்தான். கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டிய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஏதோ ஒரு பண்ணை வீட்டின் அடுக்களை வாசலில் ஓர் இளம்பெண் நிற்கிறாள். பூப்போட்ட கவுன், இடுப்பில் ஏப்ரன், வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைத் துப்பாக்கியின் பிடியிலிருந்து கழற்றியபோது அவளுடைய இடது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. மோதிரம்கூட நினைவிருக்கிறது. இன்று செவ்வாய். அந்தக் கை ஏப்ரன் மேல் இருந்தது.

ஐம்பத்தாறு வயதில் கண் ஏமாற்றும் என்று நீங்கள் சொல்லலாம். டெல்மருடையது அப்படிப்பட்ட கண் அல்ல. ஒஹையோ ஆற்றங்கரையில் ஒரு அச்சு வார்ப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் மயிரிழையில் பாதியை அளந்து பிழைத்த கண் அது. அந்தத் தொழிற்சாலையை மூடியபிறகும் கை சும்மா இருக்கவில்லை, பழைய கைத்துப்பாக்கிகளுக்குத் தாவியது. வாங்குவான், பிரிப்பான், அரத்தால் தடவித் தடவி ஒன்றோடு ஒன்று பொருத்துவான். அவன் கைபட்ட நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்தால் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும் என்று சுற்றியுள்ள மூன்று மாவட்டத்திலும் பேச்சு.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் இரண்டு சாதி உண்டு. பழையதை ஒரு திருகாணிகூட மாற்றாமல் பெட்டியில் வைத்துப் பூஜை செய்கிறவர்கள் ஒன்று. தொட்டு மாற்றினால்தான் தூக்கம் வருகிறவர்கள் இன்னொன்று. முதல் சாதிக்காரர்களுக்கு டெல்மர் ஒரு பாவி.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பண்ணை வீட்டில் இறந்துபோன கிழவரின் சாமான்களை விற்றபோது கிடைத்தது இந்த நாற்பத்தைந்து. இரண்டாம் போரில் போன சிப்பாய்கள் துப்பாக்கியின் மரப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்துகிடந்த விமானங்களின் கண்ணாடிப் பிளாஸ்டிக்கை அறுத்துப் பிடி செய்துகொள்வார்கள். ஒரு பக்கத் தகட்டுக்கு அடியில் காதலியின் படம். மறுபக்கத் தகட்டை வெறுமனே விட்டுவிடுவார்கள், உள்ளே தோட்டாக்கூடான மேகசினில் எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்த்துக்கொள்ளலாம். இதுவும் அப்படி ஒன்று.

விற்றவள் கிழவரின் மகள் பெர்னீஸ். ஐம்பது தாண்டிய, சிரிக்காத பெண். "பிடிய மட்டும் கழட்டாதீங்க," என்றாள். "அப்பா யாரையும் தொட விட்டதில்ல."

"கழட்டலம்மா, கும்பிட்டுக்கறேன்," என்று டெல்மர் சிரித்தான். இப்படிச் சொல்லும் வாரிசுகளை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

அவன் அதைத் தனக்கென்று வாங்கவில்லை. அவன் மனைவி ரோவீனாவின் அக்கா லெனோரின் புருஷன் கர்ட்டிஸ் ஒரு நாற்பத்தைந்து செய்து தரச்சொல்லி மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். வரும் சனிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். ஞாயிறு மதியம் டெல்மர் கண்ணாடித் தகடுகளைக் கழற்றி, படத்தோடு வெள்ளைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, வால்நட் மரப்பிடியைப் பொருத்தினான். சரியாக உட்கார்ந்தது. அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை.

அவன் பட்டறை வைத்திருந்த நிலவறையில் எப்போதும் அரத்தூளும் வெட்டெண்ணெயும் எஃகுக்கு நீலமேற்றும் உப்புக்கரைசலும் கலந்த வாசம் ஒன்று தேங்கியிருக்கும். மூலையில் வீட்டைச் சூடாக்கும் உலை பற்றிக்கொள்ளும்போது பெருமூச்சு விட்டு, அணையும்போது தகரம் சுருங்கி டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். தரைமட்டத்துச் சின்ன ஜன்னலில் நவம்பர் மாதத்து அழுக்கு வெளிச்சமும் அழுகின இலைகளும் தெரியும். தலைக்கு மேலே மரத்தளம் ரோவீனா போகிற இடமெல்லாம் அவளுக்கு முன்னால் ஒரு முனகல், பின்னால் ஒரு முனகல் என்று சொல்லிக்கொண்டே போகும். முப்பத்தொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு அவள் அடுப்பருகில் நிற்கிறாளா ஜன்னலருகில் நிற்கிறாளா என்று டெல்மரால் தலை தூக்காமலே சொல்ல முடியும். இன்று அவள் அடுக்களை வாசலில் நின்றாள்.

"டெல்மர்! பீன்ஸ் சூப் ஆறிக் கெடக்கு. கீழ இருக்கற உன் பொண்டாட்டிங்களத் தூங்க வச்சுட்டு மேல இருக்கறவளையும் கொஞ்சம் பாக்க வர்றியா?"

"வந்துட்டேன் வந்துட்டேன்."

"இதையேதான் ஒரு மணி நேரமா சொல்ற."

அவன் விளக்கை அணைக்கக் கை நீட்டினான். அப்போதுதான் மறுபக்கத் தகட்டைப் பார்த்தான், வெறுமனே விட்டிருந்த தகட்டை. அது தனியாக வெள்ளைத் துண்டின்மேல் கிடந்தது. அடியில் துண்டுதான் தெரிய வேண்டும். தெரிந்தது பித்தளை. வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஐந்து தோட்டாக்களின் மங்கிய மஞ்சள் முதுகு.

தகட்டைத் தூக்கினான். அடியில் துண்டு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். ஐந்து தோட்டா. தகட்டின் வழியாக எதிர்ச் சுவரும் தெரியவில்லை, தன் விரலும் தெரியவில்லை.

அவன் அதைத் துண்டில் வைத்துவிட்டு மேலே போய் சூப் குடித்தான். சோளரொட்டி நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னான். ரோவீனா கரண்டியை வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை தகட்டில் நான்கு.

படத்திலிருந்த பெண் பாதி திரும்பியிருந்தாள். கன்னத்தின் ஓரமும் காதும்தான் தெரிந்தன. காதைச் சுற்றியிருந்த கூந்தல் முன்பு தோள்வரை இருந்தது, இப்போது கழுத்தோடு நின்றிருந்தது. டெல்மர் அன்றைக்கு முழுக்க வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டான். விரல் வழுக்காமல் இருக்கப் பிடியின் முன்முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் அரிய வேண்டியிருந்தது. ஓர் அங்குலத்துக்கு முப்பது கோடு, ஒன்று பிசகினால் அத்தனையும் பாழ். முப்பது வருடத்தில் அவன் கை ஒருமுறைகூட ஆடியதில்லை. அன்றைக்கு மூன்று இடத்தில் அரம் துள்ளியது.

வியாழக்கிழமை மூன்று. அவள் முழுதாக முதுகு காட்டி நின்றாள்.

அது இளம்பெண்ணின் முதுகு இல்லை. தோள் கொஞ்சம் தாழ்ந்து, இடுப்பு கனத்து, எடையை ஒரு காலில் போட்டு நிற்கிற முதுகு. கதவும் பண்ணை வீட்டுக் கதவாக இல்லை. டெல்மர் பெர்னீஸின் எண்ணைத் தேடி எடுத்து, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த ஃபோனில் சுழற்றினான்.

தான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: "கழட்டிட்டீங்களா?"

"அந்தப் படத்துல இருக்கறது யாருன்னு கேக்கலாம்னு..."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மேலே ரோவீனா ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தரையைப் பெருக்கும் சத்தம் கேட்டது.

"எங்கப்பா அதப் போர்ல ஒருத்தன்கிட்டருந்து வாங்கினார்," என்றாள் பெர்னீஸ். எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் பேசினாள். "அப்ப அதுல இருந்தவ யாருன்னு அவருக்கே தெரியாது. கறுப்பு முடி, வெள்ளை கவுன். ஊருக்கு வந்தப்புறம், எனக்கு நாலு வயசு இருக்கும், மரப்பிடி போடலாம்னு அதக் கழட்டினார். அந்த வாரக் கடைசியில எங்கம்மா போயிட்டாங்க. அப்புறம் அதத் திரும்ப மாட்டினவர் யாரையும் தொட விடல. நீங்க வாங்கிட்டுப் போனப்ப அந்தப் படத்துல நின்னது எங்கம்மா."

"எப்படிப் போனாங்க?"

"அடுக்களை வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க. அப்பா மேஜைல தொடச்சிட்டு இருந்தார். காலியாத்தான் இருந்துச்சு, காலியாத்தான் இருந்துச்சுன்னு சாகற வரைக்கும் சொன்னார்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"கழட்டாதீங்கன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

வைத்துவிட்டாள். டெல்மர் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு அறுந்த இணைப்பின் இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றான். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அவனுக்கு இந்த உலகத்தில் இருப்பது மேலே தரை பெருக்கிக்கொண்டிருக்கும் ஒருத்திதான். அவள் இல்லாமல் அந்த மரத்தளம் முனகாமல் கிடப்பதை நினைத்தவன், அவள் துடைப்பம் நகர்வதையே காதால் பின்தொடர்ந்தான்.

வெள்ளி காலை கண்ணாடித் தகடுகளைத் திரும்ப மாட்டப் பார்த்தான். படம் திரும்பிப் போனால் எல்லாம் திரும்பிப் போகும் என்று ஒரு நப்பாசை. மரப்பிடியைக் கழற்றி, படத்தை வைத்து, தகட்டை அழுத்தினான். உட்காரவில்லை. ஐம்பது வருடமாக அதே துப்பாக்கியில் ஒட்டிக் கிடந்த தகடு, ஞாயிறன்று அதே துப்பாக்கியிலிருந்து அவனே கழற்றிய தகடு. திருகாணித் துளைகள் ஒரு மயிரிழை தள்ளி நின்றன. எந்த இரும்பையும் எந்த இரும்போடும் பொருத்தத் தெரிந்தவன் மூன்று மணி நேரம் வியர்க்க வியர்க்க முயன்றான். அரத்தால் துளையைக் கொஞ்சம் அகட்டினால் போதும். அரத்தைத் தகட்டிடம் கொண்டுபோகும்போதெல்லாம் படத்திலிருந்த முதுகு விறைத்துக்கொள்வதுபோல் இருந்தது. அதனால் தொடவில்லை.

தகட்டில் இரண்டு தோட்டா. படத்தில் அவன் வீட்டு அடுக்களை வாசல். நிலையில் அவனே அடித்த கொக்கி, அதில் தொங்கும் ரோவீனாவின் நீலத் துடைதுணி. கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அவனுக்குத் தெரிந்தது.

பிறகு அவன் யோசித்துச் செய்தான் என்றே சொல்ல வேண்டும். துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து சுடும் ஊசியை உருவி எடுத்தான். அந்த ஊசி இல்லாவிட்டால் நாற்பத்தைந்து வெறும் சுத்தியல். ஊசியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான். மரப்பிடியைத் திரும்பப் பொருத்தி, துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் பூட்டினான். ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாகப் பேச்செடுத்தான்.

"நாளைக்கு நீ காலைலயே அக்கா வீட்டுக்குப் போயிடேன். நான் சாயங்காலம் வர்றேன்."

"என்னைத் தொரத்தறியா?"

"கேக்கு செய்யறதுக்கு லெனோருக்கு ஒத்தாசையா இருக்கும்ல."

"அவ கேக்க அவளே கருக்கிக்குவா, அதுக்கு நான் வேற எதுக்கு?" ரோவீனா அவனையே பார்த்தாள். "நாலு நாளா நீ சரியில்ல டெல்மர். நான் அடுக்களைக்குள்ள போனா பின்னாடியே வந்து நிக்கற. என்ன, புதுசா கல்யாணம் ஆன நெனப்பா?"

"ஆமா," என்றான். அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கு அழுகை வந்தது, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் காரை எடுத்தாள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நாற்பது மைல், மழை இல்லை, அவள் நிதானமாக ஓட்டுகிறவள். கார் தபால் நிலைய முக்கில் திரும்பி மறையும் வரை டெல்மர் தெருவில் நின்றான். தன் வீட்டு அடுக்களை வாசலில் இனி இன்றைக்கு யாரும் நிற்கப்போவதில்லை. உள்ளே வந்து, அந்த வாசலுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு வைத்தான். அப்புறம்தான் கீழே இறங்கினான்.

தகட்டில் ஒன்று.

படத்தில் யாரும் இல்லை.

வெறும் வாசல். டெல்மர் பட்டறை மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். போனாள், தப்பித்தாள். ஒரு நாள் தாண்டினால் போதும், கடைசித் தோட்டா யாருமில்லாத வாசலில் கழியட்டும். மேலே போய் மிச்சமிருந்த சோளரொட்டியைத் தின்றான், காபி போட்டான். நான்கு நாளில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டான். ஒரு மணிக்குச் சும்மா இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினான்.

உலை பெருமூச்சு விட்டது.

வாசல் காலியாகத்தான் இருந்தது. ஆனால் நிலையில் கொக்கி இல்லை, துடைதுணி இல்லை. உருப்பெருக்கியை இழுத்துவிட்டுக் குனிந்தான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு ஸ்விட்ச். அதற்கு மேலே பீங்கான் சேவல் ஒன்று. கழுத்து உடைந்து ஒட்டப்பட்ட சேவல்.

லெனோரின் வீட்டுச் சேவல்.

லெனோரின் அடுக்களை.

அவன் சட்டைப்பையைத் தொட்டான். ஊசி இருந்தது. இருக்கிறது, பயமில்லை. பெட்டகத்துக்குப் போனான். பூட்டியிருந்தது. எண்ணைத் திருப்பினான், அவர்கள் கல்யாண நாள், ரோவீனாவுக்கும் தெரிந்த எண். திறந்தான். இரண்டு டஜன் துப்பாக்கிகள் வரிசை கலையாமல் இருந்தன. வால்நட் பிடி போட்டது இல்லை. அந்த இடத்தில் ஒரு சீட்டு. ரோவீனாவின் உருண்டைக் கையெழுத்து.

'பரிசை மறந்துட்டு வெறுங்கையோட வரப்போற. நானே கொண்டுபோறேன். சாயங்காலம் சட்டை மாத்திட்டு வா.'

ஃபோனைச் சுழற்றினான். விரல் வழுக்கியது. மறுபடி முதலிலிருந்து. அந்தப் பக்கம் ஆறு முறை மணி அடித்தது.

"சகல!" கர்ட்டிஸின் குரல் காதைக் கிழித்தது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். "நீ மனுஷனே இல்ல, தெய்வம்! கையில எடுத்தா கை முளைச்ச மாதிரி இருக்கு. இத வச்சிக்கிட்டா நீ நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்னு ரோவீனா சொல்றா?"

"கர்ட்டிஸ், அதக் கீழ வை."

"வைக்கறேன், வைக்கறேன். ஆனா ஒண்ணு, வயசாயிடுச்சு உனக்கு. ஊசியப் போட மறந்துட்டியே!"

டெல்மரின் கை சட்டைப்பைமேல் இருந்தது.

"நல்லவேளை என் டப்பால ஒண்ணு கெடந்துச்சு. போட்டேன், டக்குன்னு உக்காந்துச்சு. அளவெடுத்த மாதிரி. ரெண்டு தோட்டா போட்டு ஸ்லைட இழுத்துப் பாத்தேன், என்னமா ஏறுது!"

"கீழ வை. கர்ட்டிஸ், சொல்றதக் கேளு. ரோவீனா எங்க?"

"பக்கத்து ரூம்ல லெனோரோட கேக்குக்கு மாவு கலக்கறா. ஏன் இப்படிக் கத்தற?" அவன் ஃபோனிலிருந்து முகத்தைத் திருப்பிக் கத்தினான். "ரோவீனா! உன் புருஷன்! என்னமோ தலபோற காரியமாம்!"

"கூப்பிடாத! அவளக் கூப்பிடாத!"

"வர்றா, வர்றா. அதுக்குள்ள உன் வேலையோட சத்தத்த நீயே கேளு. ரிசீவர மேஜைல வைக்கறேன். காலி பண்ணிட்டு விசைய ஒரு தடவ இழுத்துப் பாக்கறேன். எவ்வளவு லேசா வுடுதுன்னு."

டக். ரிசீவர் மரத்தில் உட்கார்ந்தது.

"கர்ட்டிஸ்!"

அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் தெரியும். முதலில் மேகசினை உருவ வேண்டும். பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். முறை மாறினால் இழுத்த ஸ்லைடு குழலின் உள்ளே இருந்த தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு, மேகசினில் இருக்கும் அடுத்ததை உள்ளே தள்ளிக்கொள்ளும். பிறகு மேகசினை உருவிப் பார்க்கிறவனுக்கு அது காலியாகத்தான் தெரியும்.

டெல்மர் கேட்டான்.

ஸ்லைடு. எண்ணெயில் வழுக்கும் அந்த ஓசை, அவன் கையால் வந்த ஓசை. மேஜையில் ஒரு தோட்டா விழுந்து உருண்டது.

அதற்குப் பிறகு மேகசின் கழன்றது. க்ளிக்.

பிறகு.

அவன் துண்டைப் பார்த்தான். தகட்டில் இருந்த கடைசிப் பித்தளை மேலே ஏறியது. ஏறி, தகட்டின் விளிம்பைத் தாண்டி, காணாமல் போனது. தகட்டின் வழியாக இப்போது துண்டு தெரிந்தது. வெள்ளையாக. நெசவு நெசவாக.

"கர்ட்டிஸ்! உள்ள இருக்கு! உள்ள இருக்கு!"

தூரத்தில் கர்ட்டிஸ் யாரிடமோ சிரித்தான். "காலிதான். இந்தா பாரு. காலி."

காலடி. மரத்தளம் முனகியது. ஃபோனுக்குள், நாற்பது மைலுக்கு அந்தப் பக்கம், எடையை ஒரு காலில் போடுகிற முனகல். அவனுக்குத் தெரிந்த முனகல்.

படத்தில் அவள் வந்தாள்.

வாசலின் இருட்டிலிருந்து. ஸ்வெட்டர். கையில் மாவு. கையைத் துடைத்துக்கொண்டே.

"என்னவாம் அவனுக்கு?" ஃபோனில் அவள் குரல். "எங்க, குடு..."

டெல்மர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவள் கேட்டுவிட்டாள். படத்தில் அவள் நிமிர்ந்தாள். கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். யாரோ கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி, அவன் பக்கம் திரும்பினாள்.

சத்தம் பெரிதாக இல்லை. பலகை ஒன்று தரையில் தட்டையாக விழுந்ததுபோல்.

அப்புறம் வெற்றுத் தோட்டா உருளும் சத்தம். நெடுநேரம் உருண்டது. அப்புறம் கர்ட்டிஸ், குழந்தைபோல், "காலியாத்தானே இருந்துச்சு... சகல... காலியாத்தானே..." அப்புறம் லெனோர்.

டெல்மர் ரிசீவரை விடவில்லை. காதில் அழுத்திக்கொண்டே, மறுகையால் படத்தை விளக்கடிக்குக் கொண்டுவந்தான். ரோவீனா நின்றிருந்தாள். கறுப்பு வெள்ளையில், காய்ந்து, பழையதாகி, ஓரம் மஞ்சளித்து, ஐம்பது வருடமாக அங்கேயே நிற்பவள்போல். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நில்லு என்று சொன்னவனுக்காக நிற்கிற சிரிப்பு.

படத்தின் கீழ் ஓரத்தில், வாசற்படியில் தொடங்கி அவள் கால்வரைக்கும், படமெடுத்தவனின் நிழல் விழுந்திருந்தது. கூன் விழுந்த தோள். நெற்றியில் ஏற்றி வைத்த உருப்பெருக்கி.

டெல்மர் ரிசீவரை நழுவவிட்டு, கத்தல் வெளியே வராமல் இருக்க வாயைப் பொத்தினான்.

படத்தில் நிழலும் கையைத் தூக்கியது.